கூரையில் இடிக்கும் தலைகள்

பீட்டில்ஸ் குழுவின் 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டை என் மகள் கீபோர்டில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். என்னிடம் இருக்கும் பழைய சிடியை ஓடவிட்டுக் கூடவே வாசித்தபோது மூன்று கட்டையில் கச்சிதமாகச் சேர்ந்தது. மறுநாள் அதே பாட்டைக் கைபேசியில் போட்டாள். சேரவே இல்லை. கீபோர்டில்தான் எதையோ மாற்றி வைத்துவிட்டாள் என்று நினைத்து, பொத்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் நாலு கட்டைக்கு ஏற்றி வாசித்ததும் சட்டென்று பொருந்தியது. மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே வித்தியாசம் அரைச்சுருதிதான். ஆனால் டேப் ஓடும் கணக்கில் அரைச்சுருதி என்பது ஏறக்குறைய 6 சதவீத வேகம். கைபேசியில் அந்தப் பாட்டு சுமார் பத்து விநாடி முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

பாட்டு ஒன்று, பாடியவர்களும் அவர்களே, பாடியது ஒரே தடவை. பிறகு எப்படி இரண்டு சுருதி?

பதில் 1967-இல் இருக்கிறது. 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பம் லண்டன் ஆபி ரோட்டில் இருந்த ஈஎம்ஐ ஸ்டுடியோவில் முடிந்தபோது, பிரிட்டனில் பெரும்பாலானோர் பாட்டுக் கேட்டது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த மோனோ பிளேயரில். எனவே மோனோ கலவைக்குத்தான் முதல் மரியாதை. குழுவினர் கூடவே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைச் செதுக்கினார்கள். ஸ்டீரியோ கலவையைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் சில நாட்களில் முடித்துவிட்டார்கள். மோனோவில் இந்தப் பாட்டின் டேப் வேகமாக ஓடவிடப்பட்டது, ஸ்டீரியோவில் அப்படிச் செய்யவில்லை. பிறகு மோனோ பிளேயர்கள் பரணுக்குப் போயின, உலகம் முழுக்க ஸ்டீரியோ கலவையே பரவியது. 1987-இல் வந்த சிடியும் அதுதான், 2009-இல் வந்த ரீமாஸ்டர் ஸ்டீரியோவும் அதுதான். 2017-இல் ஆல்பத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக ஸ்டீரியோ கலவை செய்தபோது, பீட்டில்ஸ் கூட இருந்து சரிபார்த்த மோனோவையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். வேகத்தையும் அதற்குத் தக்கபடி ஏற்றினார். என் மகளின் கைபேசியில் ஓடியது அது.

ஐம்பது வருடம் மூன்று கட்டையில் கேட்டவர்களுக்கு இது தப்பாகக் கேட்கும். 1967-இல் மோனோ தட்டு வாங்கியவருக்கு இதுதான் சரி. பழைய ஆல்பங்களின் மறுபதிப்பைப் பற்றிப் பேசும்போது 'ஒரிஜினல் போல இருக்கிறதா' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எந்த ஒரிஜினல் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்குப் புது தாளம் போட்டு, நடுவே ராப் சேர்த்துத் தருவது. ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் ரீமிக்ஸ் வேறு. குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனி டிராக்கில் பதிவாகியிருக்கும் மூல டேப்பை எடுத்து, எது எவ்வளவு, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று மறுபடி முதலிலிருந்து கலப்பது அது. ரீமாஸ்டர் அவ்வளவு தூரம் போவதில்லை. கலந்து முடித்த இரண்டு டிராக் மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டு, அதன்மேல் மட்டும் வேலை செய்வது. குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. உப்புப் போடலாம், கொஞ்சம் வெந்நீர் ஊற்றலாம், சுண்ட வைக்கலாம். பருப்பைத் தனியே எடுத்துவிட முடியாது. சார்ஜென்ட் பெப்பர் 2017 ரீமிக்ஸ். 2009-இல் வந்தது ரீமாஸ்டர். கடையிலும் கைபேசியிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

மாஸ்டரிங் என்ற வேலையே இசைத்தட்டின் உடற்கூறிலிருந்து பிறந்தது. தட்டில் பாட்டு ஒரு பள்ளமாக வெட்டப்படுகிறது. பேஸ் ஒலி வந்தால் அந்தப் பள்ளம் அகலமாக வளைந்து ஆடும். இடத்தைத் தின்னும்; அளவு மீறினால் ஊசி பள்ளத்தை விட்டுத் தாவும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றி வெட்டுவார்கள், வீட்டு ஆம்ப்ளிஃபையர் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்யும். அடுத்த சிக்கல் வட்டம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஓரத்தில் விட்டம் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர், அங்கே ஊசிக்கு அடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே லேபிள் பக்கம் வரும்போது விட்டம் 12 சென்டிமீட்டர், வேகம் விநாடிக்கு 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. உள்ளே வரும்போது அது 0.02 மில்லிமீட்டருக்குள் நெருங்கிவிடுகிறது. அந்த நெளிவைப் பிடிக்க ஊசி முனை திணறும். சிம்பல் சத்தம் கரகரக்கும். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு மங்கிக் கேட்பதற்கு இதுதான் காரணம், பாடியவர் மேல் குற்றமில்லை.

எனவே 1960-களிலும் 70-களிலும் வெட்டும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர், டேப்பில் இருப்பதை அப்படியே தட்டுக்குக் கடத்தும் எழுத்தர் அல்ல. எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே துணிவது என்று தீர்மானிப்பவர். லெட் ஸெப்பலினின் இரண்டாவது ஆல்பம் 1969-இல் வந்தபோது, அமெரிக்காவின் முதல் அச்சை ராபர்ட் லட்விக் என்ற இளம் பொறியாளர் சத்தமாக, பேஸைக் குறைக்காமல் வெட்டினார். அட்லாண்டிக் கம்பெனித் தலைவர் அஹ்மெட் எர்டகனின் மகள் வைத்திருந்த மலிவான பிளேயரில் அது தாவித் தாவி ஓடியதாம். உடனே அந்த அச்சை நிறுத்திவிட்டு, அடக்கமாக வேறொன்று வெட்டச் சொன்னார்கள். லட்விக்கே சொல்லியிருக்கும் கதை இது. தட்டின் உள்வட்டத்தில் கையால் கீறிய 'ஆர்எல்' என்ற எழுத்தைத் தேடி இன்றும் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். அதன்பின் அமெரிக்காவில் அந்தத் தட்டை வாங்கிய ஏராளமானோர் 'ஒரிஜினல்' என்று நினைத்துக் கேட்டது, ஒரு மலிவு பிளேயருக்கு அஞ்சி அடக்கிய வடிவத்தை.

1982-இல் சிடி வந்ததும் இந்தக் கட்டுப்பாடுகள் மறைந்தன. ஊசி இல்லை, தாவாது. விநாடிக்கு 44,100 தடவை ஒலி அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைப்பது சிடி. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபெல் இடம். இவ்வளவு இருந்தும் முதல் சுற்றில் வந்த பல ராக் சிடிகள் சப்பென்று இருந்தன. அவசரத்தில் கையில் கிடைத்த டேப்பைப் பயன்படுத்தியதுதான் காரணம். இசைத்தட்டு வெட்டுவதற்கென்றே பேஸைக் குறைத்துத் தயாரித்து வைத்திருந்த பிரதிகள் அவற்றில் பல. சில பிரதியின் பிரதி. அனலாக் டேப்பை ஒரு தடவை பிரதி எடுத்தாலே அடியில் ஓடும் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் சுமார் 3 டெசிபெல் கூடும். மேலோசைகளின் கூர்மையும் கொஞ்சம் போய்விடும். ஆகவே 1990-களில் 'மூல டேப்பிலிருந்து ரீமாஸ்டர் செய்தது' என்று உறையில் அச்சிட்டு வந்தபோது அது வெறும் விளம்பரமாக இருக்கவில்லை. தேடிப்பிடித்த முதல் டேப், ஒலியை எண்ணாக மாற்றும் நல்ல கன்வெர்ட்டர் இரண்டும் சேர்ந்ததும், மூடியிருந்த ஜன்னலைத் திறந்தது போல இருந்தது.

அந்த டேப்பை ஓட்டுவதே ஒரு கலை. 1970-களின் நடுவிலிருந்து வந்த சில வகை டேப்புகளில், காந்தத் துகளை நாடாவோடு ஒட்டிவைத்த பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். அப்படியே ஓட்டினால் டேப் கிறீச்சிட்டு ஹெட்டில் ஒட்டும். பழுப்பாகத் தூள் உதிரும். உதிர்வது அழுக்கு அல்ல, பாட்டு. அதற்கு வைத்தியம், டேப்பைச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக உலர்த்துவது. ஈரம் வெளியேறி, சில வாரங்களுக்குப் பசை மறுபடி இறுகும். அந்த இடைவெளியில் ஓட்டிப் பிரதி எடுத்துவிட வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன் பாடிய ஒருவரின் மூச்சு அந்த ஒரே சுருளில் இருக்கிறது என்று தெரிந்து, அதை அடுப்பில் வைப்பவரின் கை எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 2008-இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் பிடித்த தீயில் மாஸ்டர் டேப்புகள் கருகின. அவற்றுக்கு இந்த வாய்ப்புகூட இல்லாமல் போனது.

இந்த வேலை எவ்வளவு பொறுமையாக நடக்கலாம் என்பதற்கு பீட்டில்ஸ் 2009 நல்ல சாட்சி. ஆபி ரோடு பொறியாளர்கள் நாலு வருடம் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 525 நிமிட இசையில் இரைச்சல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தியது 5 நிமிடத்துக்கும் குறைவான பகுதியில்தான். இரைச்சலைத் துடைக்கப் போனால், அதே உயரத்தில் இருக்கும் சிம்பலின் கார்வையும் குரலின் காற்றும் சேர்ந்தே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். மோனோ பதிப்புக்கு லிமிட்டர் போடவே இல்லை. ஸ்டீரியோவுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள்.

லிமிட்டர் என்று சொல்லிவிட்டேன். விஷயத்தின் கசப்பான பகுதி அதுதான்.

சிடியில் ஓர் எண்ணுக்கு மேல் எழுத இடமில்லை. அது கூரை. ஓர் அறையில் ஒரு கூட்டம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ், குரல், கிட்டார் எல்லாம் நடுத்தர உயரம். டிரம்மின் அடி மட்டும் நெட்டை, அவன் தலை கூரையைத் தொடுகிறது. எல்லோரையும் இன்னும் உயரமாகக் காட்ட வேண்டும் என்றால் தரையைத் தூக்க வேண்டும். தூக்கினால் நெட்டையனின் தலை இடிக்கும். ஆகவே அவனை மட்டும் குனியச் சொல்கிறோம். அவன் குனிந்ததும் தரையை ஓரடி தூக்கலாம். இன்னும் குனிந்தால் இன்னும் தூக்கலாம். கடைசியில் எல்லோர் தலையும் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும். நெட்டை, குட்டை என்ற பேச்சே இருக்காது. குனியச் சொல்வது லிமிட்டர். தரையைத் தூக்குவது வால்யூம். 1990-களின் நடுவில் வந்த டிஜிட்டல் லிமிட்டர்கள் வரப்போகும் அடியைச் சில மில்லிவிநாடி முன்பே பார்த்துவிடும். அதனால் அதற்கு முன் யாராலும் முடியாத அளவுக்குத் தரையைத் தூக்க முடிந்தது.

இதன் எல்லைக்கல் 'ரா பவர்'. இக்கி அண்ட் த ஸ்டூஜஸ் 1973-இல் வெளியிட்ட ஆல்பம். டேவிட் போவிதான் கலவை செய்தார். தன்னிடம் வந்த 24 டிராக் டேப்பில் உருப்படியாக இருந்தவை மூன்றே டிராக்குகள், குரல் ஒன்று, லீட் கிட்டார் ஒன்று, மற்ற அனைத்தும் ஒன்றில் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வந்த தட்டு மெலிந்து, கிட்டார் மட்டும் முகத்தில் அறைவது போல இருந்தது. 1997-இல் இக்கி பாப் தானே உட்கார்ந்து மறுகலவை செய்தார். வேண்டுமென்றே எல்லா மீட்டரும் சிவப்பில் நிற்கும்படி செய்தார். ராக் சிடிகளிலேயே மிக உரத்தவை எவை என்று பேச்சு வந்தால் இன்றும் அதன் பெயர் வருகிறது. அதன் அலைவடிவத்தைக் கணினித் திரையில் விரித்தால் மலையும் பள்ளமும் தெரியாது. மேலும் கீழும் மழித்துவிட்ட ஒரு கட்டை கிடக்கும். அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டால், வாத்தியம் எழுப்பாத புது ஒலிகள் அந்த வெட்டிலிருந்தே பிறக்கும். காது களைத்துப்போவது அவற்றால்தான். அந்த ஆல்பத்துக்கு அந்த வெறி பொருந்துகிறது என்று சொல்பவர்கள் உண்டு, அதை என்னாலும் முழுக்க மறுக்க முடியவில்லை. 2010-இல் போவியின் கலவையும் ரீமாஸ்டர் ஆகி மறுபடி வந்தது. இரண்டும் கிடைக்கின்றன, யாரும் எதையும் இழக்கவில்லை. என் வருத்தமெல்லாம், அந்த வெறி தேவைப்படாத ஆல்பங்களுக்கும் அதே சிகிச்சை நடந்ததில்தான். மென்மையாகத் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் வெடிக்க வேண்டிய பாட்டு, முதல் நொடியிலேயே வெடித்த உயரத்தில் நிற்கிறது. பிறகு வெடிக்க அதற்கு எங்கே இடம்?

ஏன் செய்தார்கள் என்றால், நம் காதே அதற்கு உடந்தை. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் ஓர் உண்மையை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு ஆழ்ந்த பேஸும் மிக உயர்ந்த ஒலிகளும் சரியாகக் கேட்காது. சத்தம் கூடக்கூட அவை எழுந்து வரும். ஆகவே ஒரே பதிவைச் சற்று உரக்கப் போட்டால் போதும், பேஸ் நிறைந்து, சிம்பல் மின்னி, எல்லாம் தெளிந்துவிட்டதாகத் தோன்றும். வித்தியாசம் ஒரு டெசிபெல் அளவே இருந்தால், சத்தம் கூடியதாகக்கூடப் பலருக்குத் தெரியாது. 'தரம் கூடியிருக்கிறது' என்றே படும். பழைய சிடியைக் கேட்டுவிட்டு, பிளேயரின் குமிழைத் தொடாமல் புதியதைப் போட்டால் புதியதே ஜெயிக்கும். நியாயமான பந்தயம் இல்லை அது.

இன்றைய ஸ்ட்ரீமிங் செயலிகள் இந்த ஏமாற்றை ஓரளவு முறித்துவிட்டன. பாட்டின் சராசரி உரப்பை அளந்து, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கின்றன. நசுக்கி ஏற்றிய பாட்டின் வால்யூம் அங்கே இறக்கப்படுகிறது. சம்பாதித்த உயரம் போய்விடும், குனிந்த முதுகு மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் அதே செயலிகளில் வேறொரு இழப்பு நேர்கிறது. பல ஆல்பங்களுக்கு அங்கே கிடைப்பது கடைசியாக வந்த ரீமாஸ்டர் மட்டுமே. 1980-களின் சிடி வடிவம், குறையோ நிறையோ, பழைய கடைகளிலும் வீட்டு அலமாரிகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழம்பிலிருந்து பருப்பைப் பிரிக்க முடியாது என்றேன் அல்லவா? அதுவும் மாறிவிட்டது. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 1966-இல் நாலு டிராக் இயந்திரத்தில் பதிவானது. ஒரே டிராக்கில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு ஆவணத் தொடர் ஒன்றுக்காக உருவாக்கிய இயந்திரக் கற்றல் முறை, அப்படி ஒட்டிப்போன ஒலிகளைத் தனித்தனியே பிரித்தெடுத்தது. அதைக் கொண்டு 2022-இல் ஜைல்ஸ் மார்ட்டின் ரிவால்வரைப் புதிதாகக் கலந்தார். டிரம்ஸ் ஒரு காதிலும் குரல் மறு காதிலும் ஒதுங்கி நின்ற அந்தக் காலத்து ஸ்டீரியோ, ஹெட்ஃபோனில் இன்று இயல்பாகக் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனாலும் அது 2022-இன் ஆல்பம், 1966-இன் பெயரில்.

போன மாதம் நண்பன் ஒருவன், தனக்கு உயிரான ஒரு பழைய ஆல்பத்தின் புது ரீமாஸ்டரை வாங்கி வந்தான். ஆல்பத்தின் பெயர் வேண்டாம். என்னிடம் இருந்த பழைய சிடியை முதலில் போட்டோம். பிறகு அவனுடையதை. "எவ்வளவு வித்தியாசம் பாத்தியா, பழசு செத்துக் கெடக்கு" என்றான். அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டையும் கணினியில் ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் சராசரி உரப்பை அளந்தோம். புதியது 7 டெசிபெல் மேலே நின்றது. அதை 7 டெசிபெல் இறக்கிவிட்டு, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன்.

இரண்டாவது பாட்டில், கிட்டார் தனியாக எட்டு சுற்று வாசித்து முடிக்கும் இடத்தில் டிரம்ஸ் நுழையும். ஒரு பதிப்பில் முதல் அடி விழும்போதே கிட்டார் ஒரு கணம் பின்வாங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. டிரம் சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல இருந்தது. இன்னொன்றில் கிட்டார் அசையாமல் நின்றது. அதன் மேல், குச்சி தோலைத் தொட்ட கூர்மையும் அறையின் சுவரில் பட்டுத் திரும்பிய முழக்கமும் தனித்தனியாகக் கேட்டன. நண்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எந்த சிடி என்று அவன் கேட்கவில்லை.

"அந்த மொத அடிய இன்னொரு வாட்டி போடுடா" என்றான்.